தாய் யார்?

நம் அகப்பாடல்களைப் படித்தோர் இரு தாயரை அறிவர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவி உடன்போக்குச் சென்றபின் மனையில் இருந்து புலம்புபவள் நற்றாய். சுரத்திடைத் தேடிச் செல்பவள் செவிலி. இருவருக்கும் தனித்தனிக் கூற்று உண்டு. இருவரையும் தாய் என்றே நம் முன்னோர் அழைத்தனர். பிறப்பு ஒருத்தியாலும் வளர்ப்பு மற்றொருத்தியாலும் அமையலாம் என்பது பழந்தமிழர்க்குப் புதுமை அன்று. ஆயினும் பெற்றவள் யார் என்பதில் அவர்களுக்கு ஐயம் எழுந்ததில்லை. தந்தை யார் என வழக்கு எழலாம். தாய் யார் என்பதற்குப் பேறு பார்த்த மருத்துவச்சியே போதிய சான்று.

அந்த உறுதி நம் காலத்தில் தளர்ந்துவிட்டது. சினைமுட்டை ஒருத்தியுடையது, சுமந்து பெற்றவள் இன்னொருத்தி, குழந்தை வேண்டும் எனக் கேட்டு வளர்ப்பவள் வேறொருத்தி. மூவருள் தாய் யார்? இது பட்டிமன்றப் புதிர் போலத் தோன்றலாம். ஆனால் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதவும், கடவுச்சீட்டு வழங்கவும், சொத்துரிமை கணக்கிடவும் இவ்வினாவுக்கு விடை வேண்டும். அதனினும் முதன்மையாக, பத்து மாதம் சுமப்பவளின் உடலுக்கு யார் பொறுப்பு என்று சொல்லியாக வேண்டும். இவ்வினாக்களை விஞ்ஞானம் எவ்வாறு எழுப்பியது, நம் நாட்டுச் சட்டம் எவ்வாறு விடை கூறியுள்ளது, அவ்விடையில் குறை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கிண்ணத்தில் தொடங்கிய கதை

மக்கட்பேறு வாய்க்காத துயர் உலகெங்கும் உள்ளது. வயது வந்தோருள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இத்துயருக்கு ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. குறை ஆணிடம் இருக்கலாம், பெண்ணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். நம் ஊர்ப் பேச்சோ, ஆராயாமலே மலடி என்ற சொல்லைப் பெண்ணின் தலையில் ஏற்றிவிடுகிறது. சீமந்தத்துக்கும் பிள்ளைப்பேற்று விழாவுக்கும் அவளை அழைக்கத் தயங்கும் வீடுகள் இன்னும் உண்டு. மருத்துவத்தின் கதவை இத்துணைப் பேர் தட்டுவதற்கு ஆசை மட்டும் காரணம் அன்று. இந்த அவமதிப்பும் ஒரு காரணம்.

மருத்துவம் செய்தது யாது? பெண்ணுக்குப் பத்து நாள் அளவுக்கு ஹார்மோன் ஊசி போடுவர். இயல்பாக மாதத்துக்கு ஒன்றாக முதிரும் சினைமுட்டை, ஊசியின் வலிமையால் ஒரே காலத்தில் பலவாக முதிரும். மயக்கம் கொடுத்து, நுண்ணிய ஊசி வழியே அவற்றை வெளியே எடுப்பர். கண்ணாடிக் கிண்ணத்தில் விந்தணுவோடு சேர்ப்பர். மூன்று முதல் ஐந்து நாள் வரை வளர்ந்த கருவை மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் வைப்பர். பத்திரிகைகள் இவ்வாறு பிறந்த மகவைச் சோதனைக் குழாய்க் குழந்தை என்று அழைத்தன. கருவுறுவது கிண்ணத்தில், வளர்வதோ எல்லாக் குழந்தைகளையும் போலத் தாய் வயிற்றில்தான்.

இம்முறையால் உலகின் முதற் குழந்தை 1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் ஓல்டம் நகரில் பிறந்தது. ராபர்ட் எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவர் பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற வெற்றி அது. எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபெல் பரிசு கிடைத்தது. மற்ற இருவரும் அதற்கு முன்பே மறைந்துவிட்டனர்.

அடுத்த குழந்தை நம் நாட்டில் பிறந்தது என்பதைப் பலர் அறியார். அதே 1978இல் அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவில், டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயும் அவருடைய துணைவர் இருவரும் இம்முயற்சியில் வென்றனர். கருவை உறைய வைத்துப் பாதுகாத்துப் பின்னர்க் கருப்பையில் வைக்கும் முறையையும் அவர் அப்போதே கையாண்டார். பாராட்ட வேண்டியவர்கள் ஐயுற்றனர். மாநில அரசாங்கம் அமைத்த குழு அவர் கூற்றை நம்ப மறுத்தது. வெளிநாட்டு அறிஞர் கூட்டத்துக்குச் செல்லவும் அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. தம் துறைக்குத் தொடர்பில்லாத கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றப்பட்ட அவர், 1981 ஜூன் 19ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986இல் பம்பாயில் இம்முறையால் குழந்தை பிறக்கச் செய்த குழுவைச் சேர்ந்த விஞ்ஞானி டி. சி. ஆனந்த் குமார், 1997இல் முகோபாத்யாயின் குறிப்புகளை ஆராய்ந்து, முதன்மை அவருக்கே உரியது என்று எழுதினார். தமக்குக் கிடைத்த புகழைப் பிறருக்கு உரியது எனத் தாமே எடுத்துரைத்த நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் அது பதினாறு ஆண்டுகள் பிந்தி வந்தது.

கருவை உடலுக்கு வெளியே உண்டாக்க முடிந்தவுடன் மற்றொரு வாயிலும் திறந்தது. வெளியே உண்டான கருவை, முட்டை தந்தவளின் கருப்பையிலேயே வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கருப்பை இல்லாமல் பிறந்தவள், நோயால் கருப்பையை இழந்தவள், கருவுற்றால் உயிருக்கு இடர் என்று மருத்துவர் எச்சரித்தவள் ஆகியோருக்காக இன்னொரு பெண் சுமக்கலாம். இதைத்தான் வாடகைத்தாய் முறை என்கின்றனர். இச்சொல் எனக்கு உடன்பாடு அன்று. வீட்டுக்கு வாடகை உண்டு. சைக்கிளுக்கு வாடகை உண்டு. இரத்தமும் மூச்சும் கொடுத்து ஓர் உயிரை வளர்ப்பவளுக்கு இப்பெயர் பொருந்துமா? சுமக்கும் தாய் என்றே இக்கட்டுரையில் அவளைக் குறிப்பேன்.

நீதிமன்றம் கண்ட குழந்தைகள்

சிக்கல் முதலில் அமெரிக்காவில் பெரிதாக வெடித்தது. 1985இல் ஒரு தம்பதியர் ஒரு பெண்ணுடன் ஒப்பந்தம் செய்தனர். கணவருடைய விந்தணுவைச் செயற்கை முறையில் ஏற்று, குழந்தையைப் பெற்றுக் கொடுப்பது. கூலி 10,000 டாலர். 1986இல் குழந்தை பிறந்தது. பெற்றவள் அதன் முகம் கண்டபின் கொடுக்க மறுத்தாள். அவளே முட்டையும் தந்தவள், அவளே சுமந்தவள். பேபி எம் எனப் பெயர் பெற்ற இவ்வழக்கில், 1988இல் நியூ ஜெர்ஸி மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வளர்க்கும் உரிமையை, குழந்தையின் நலம் கருதித் தந்தையிடமே விட்டது. பெற்றவளே சட்டப்படி தாய் என்றும், குழந்தையைக் காண அவளுக்கு உரிமை உண்டு என்றும் கூறியது.

இவ்வழக்குக்குப் பின்னர், சுமப்பவளின் சொந்த முட்டையைப் பயன்படுத்தக் கூடாது என்ற எண்ணம் வலுப்பெற்றது. முட்டை வேறொருத்தியுடையதாயின் வழக்குக் குறையும் என்று கருதினர். வழக்கு குறையவில்லை, அதன் வடிவம் மாறியது. அதை உலகுக்குக் காட்டியது நம் நாடு.

பால் கூட்டுறவால் பெயர் பெற்ற குஜராத்தின் ஆனந்த் நகரம், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தொழிலாலும் பெயர் பெற்றது. மேலை நாடுகளில் ஆகும் செலவில் சிறு பகுதியே இங்கு ஆயிற்று. ஆங்கிலம் அறிந்த மருத்துவர் இருந்தனர். தடுக்கும் சட்டம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005இல் சில நெறிமுறைகளை வெளியிட்டது. ஆயின் அவற்றுக்குச் சட்டத்தின் வலிமை இல்லை. ஏழைப் பெண்கள் தம் வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு, பேறுகாலம் முடியும்வரை விடுதிகளில் தங்கினர். பெற்ற தொகையால் கடன் அடைத்தோரும் உண்டு. வீடு கட்டியோரும் உண்டு. ஒப்பந்தத் தாளில் இருந்த ஆங்கிலத்தைப் படிக்க இயலாமல் கையெழுத்து இட்டோரும் உண்டு.

2008 ஜூலையில் அந்நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை வேண்டியவர்கள் ஜப்பானியத் தம்பதியர். விந்தணு கணவருடையது, முட்டை பெயர் அறியாத ஒருத்தியுடையது, சுமந்தவள் ஆனந்த் நகரத்துப் பெண். குழந்தை பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அத்தம்பதியர் மணமுறிவு செய்துகொண்டனர். மனைவி, இக்குழந்தை எனக்குத் தொடர்பு அற்றது என்றார். முட்டை தந்தவள் யார் எனத் தெரியாது. சுமந்தவள் ஒப்பந்தப்படி விலகிவிட்டாள். மூன்று பெண்கள் சேர்ந்து உருவான குழந்தைக்குத் தாய் ஒருத்தியும் இல்லை! தாயின் பெயர் இன்றிக் கடவுச்சீட்டு எவ்வாறு எழுதுவது என்று அதிகாரிகள் திகைத்தனர். ஜப்பானிலிருந்து பாட்டி வந்து குழந்தையைக் காத்தாள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வாண்டின் இறுதியில்தான் குழந்தை பாட்டியுடன் ஜப்பான் சென்றது.

அடுத்த ஆண்டு மற்றொரு வழக்கு. ஜெர்மானியத் தம்பதியருக்காக ஆனந்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. ஜெர்மனி இம்முறையை ஏற்பதில்லை. எனவே அங்கே அவர்களுக்குக் குடியுரிமை இல்லை. தந்தை வெளிநாட்டவர் ஆதலின் இங்கும் இடர். 2009இல் குஜராத் உயர் நீதிமன்றம், சுமந்து பெற்ற பெண் இந்தியக் குடிமகள், ஆதலின் குழந்தைகளும் இந்தியக் குடிமக்களே என்று தீர்ப்பளித்தது. முட்டை தந்த பெயர் அறியாப் பெண்ணைவிட, வயிற்றில் வளர்த்தவளுக்கே தாய் என்னும் தகுதி பொருந்தும் எனவும் அது கருதியது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, தத்து எடுக்கும் வழியால் 2010இல் குழந்தைகள் ஊர் சேர்ந்தனர்.

இருவேறு வழக்குகள் ஆயினும் படிப்பினை ஒன்றே. பெரியவர்கள் செய்த ஒப்பந்தத்தில் ஓட்டை இருந்தது. அதன் வழியே விழுந்தது குழந்தை.

2021ஆம் ஆண்டுச் சட்டங்கள்

சட்டக் கமிஷன் தன் 228ஆம் அறிக்கையை 2009இல் அளித்தது. வணிக நோக்கை விலக்கி, இம்முறைக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று கூறியது. 2015இல் வெளிநாட்டவர்க்கு வாயில் அடைக்கப்பட்டது. 2016இல் வந்த மசோதா, நெருங்கிய உறவினர் மட்டுமே சுமக்கலாம் என்றது. அது பல மாறுதல்களுக்குப் பின் 2021 டிசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சினைமுட்டை, விந்தணுக் கொடையையும் கருத்தரிப்பு நிலையங்களையும் முறைப்படுத்தும் மற்றொரு சட்டமும் உடன் நிறைவேறியது. இரண்டும் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளன.

இவற்றின் சாரத்தை அறிவது நமக்கு நலம். கூலிக்குச் சுமப்பது குற்றம். மருத்துவச் செலவு, இன்ஷூரன்ஸ், விதிகள் குறிக்கும் பிற செலவுகள் ஆகியவை நீங்கலாக ஒரு காசும் கைமாறக் கூடாது. வணிகமாக நடத்துவோருக்குப் பத்து ஆண்டு வரை சிறையும் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சுமக்க முன்வருபவள் 25 முதல் 35 வயதுக்கு உட்பட்டவளாய், மணம் ஆனவளாய், தனக்கென ஒரு குழந்தை உடையவளாய் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒரு முறையே சுமக்கலாம். அவளுடைய முட்டையைப் பயன்படுத்தக் கூடாது. அவளுக்கு 36 மாத இன்ஷூரன்ஸ் வேண்டும். கரு வைக்கப்படும் வரை அவள் தன் இசைவை மீட்டுக்கொள்ளலாம். கருவைக் கலைக்குமாறு அவளை எவரும் வற்புறுத்தக் கூடாது.

குழந்தையைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக உள்ளது. கருவை வைப்பதற்கு முன்பே, பெற்றோர் யார், குழந்தை யாரிடம் சேரும் என்று முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் ஆணை பெறுதல் வேண்டும். பிறக்கும் குழந்தை, வேண்டியோரின் சொந்தக் குழந்தையாகவே கொள்ளப்படும். உடற்குறை உண்டு, பெண்ணாய்ப் பிறந்தது, இரட்டையாய்ப் பிறந்தது என எக்காரணம் காட்டியும் அதைக் கைவிட இயலாது. 2008இல் ஆனந்தில் நேர்ந்த அவலம் மீண்டும் நேராதிருக்க இவ்விதிகள் உதவும். இவற்றைக் குறை கூறுதற்கு இடமில்லை.

வாயிலில் நிற்போர்

யாருக்கு இவ்வழி திறந்துள்ளது என்று பார்க்கும்போதுதான் சட்டத்தின் மனம் புலப்படுகிறது. மனைவி 23 முதல் 50 வயதும், கணவன் 26 முதல் 55 வயதும் உடைய இந்தியத் தம்பதியர், மருத்துவக் காரணம் இருப்பின் வரலாம். அவர்களுக்கு வேறு குழந்தை இருத்தல் கூடாது. உள்ள குழந்தை கடும் நோயோ குறைபாடோ உடையதாயின் விலக்கு உண்டு. தனித்து வாழும் பெண்களுள் 35 முதல் 45 வயதுக்கு உட்பட்ட கைம்பெண்ணும் மணமுறிவு பெற்றவளும் வரலாம். மணமே ஆகாத பெண் வர இயலாது. தனித்து வாழும் ஆண், மணமின்றிச் சேர்ந்து வாழ்வோர், ஒருபால் இணையர் ஆகியோருக்கும் இடமில்லை.

இங்கு ஒரு முரண்பாட்டைக் காண்க. உடன்பிறந்த மற்றொரு சட்டம், 21 வயது கடந்த எந்தப் பெண்ணும் கருத்தரிப்பு நிலையத்தை அணுகலாம் என்கிறது. மணமாகாத பெண் தானே சுமப்பதாயின் சட்டம் இசைகிறது. அவளுக்குக் கருப்பை இல்லாவிடின் மறுக்கிறது. உடற்குறை உடையவளுக்குத்தானே உதவி மிகுதியாக வேண்டும்?

விதிகளும் நிலையாக நிற்கவில்லை. 2023 மார்ச்சில் வந்த திருத்தம், முட்டையும் விந்தணுவும் தம்பதியருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்று கட்டளை இட்டது. பிறவியிலேயே கருப்பை வளராத பெண் ஒருத்தி உச்ச நீதிமன்றத்தை அணுகினாள். அவளுக்கு முட்டையும் உருவாவதில்லை. சுமக்கவும் இயலாதவள், முட்டை தரவும் இயலாதவள். அவளிடம் உன் முட்டையைக் கொண்டு வா என்று விதி கேட்டது! 2023 அக்டோபரில் நீதிமன்றம் அவளுக்கு நிவாரணம் அளித்தது. 2024 பிப்ரவரியில் விதியே மாறியது. மாவட்ட மருத்துவக் குழு சான்று அளித்தால், ஒருவருடைய அணு கொடையாளரிடமிருந்து வரலாம். மற்றது தம்பதியருடையதாக இருத்தல் வேண்டும். 2025 அக்டோபரில் மற்றொரு தீர்ப்பு வந்தது. சட்டம் வருமுன்னரே கருவை உறைய வைத்துக் காத்திருந்தவர்களுக்கு, பின்னர் வந்த வயது வரம்பு பொருந்தாது என்பது அது. குழந்தை வேண்டுவோர் நீதிமன்றப் படி ஏறி ஏறிச் சட்டத்தைச் சிறிது சிறிதாக நெகிழ்த்தி வருகின்றனர்.

இனப்பெருக்கத்தைப் பற்றிய முடிவு, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் தனி மனித உரிமையுள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009இலேயே கூறியுள்ளது. அவ்வுரிமையை எவருக்கு எக்காரணம் பற்றி மறுக்கிறோம் என்று விளக்க வேண்டிய கடமை அரசாங்கத்துக்கு உண்டு. மணம் என்னும் ஒரே அளவுகோல் அதற்குப் போதுமானதா என்பது சட்டம் பயிலும் நண்பர்கள் எண்ண வேண்டிய வினா.

ஆதரவற்ற குழந்தையைத் தத்து எடுக்கலாமே என்று சிலர் கேட்பர். நல்ல அறம், மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வறத்தைக் குழந்தை இல்லாதவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது முறையன்று. பிள்ளை உடையோரும் தத்து எடுக்கலாம் அன்றோ?

கூலியா, கொடையா?

இப்போது முதன்மையான வினாவுக்கு வருவோம். சுமப்பவளுக்குப் பணம் கொடுக்கலாமா?

கூடாது என்போர் வாதம் வலியது. வறுமையில் கிடப்பவள் தரும் இசைவு உண்மையான இசைவு ஆகாது. செல்வர் வீட்டுப் பெண் எவளும் ஏழைக்காகச் சுமக்க முன்வந்ததில்லை. பணம் புகுந்தால் தரகன் புகுவான். குழந்தைக்கும் விலை எழுதுவான். இங்கிலாந்தும் 1985 முதல் இத்துறையில் வணிகத் தரகைத் தடுத்து, நியாயமான செலவை மட்டும் ஏற்று வருகிறது.

மறுபுறத்தையும் கேட்க வேண்டும். இம்முறையில் மருத்துவர் கட்டணம் பெறுகிறார், மருத்துவமனை பெறுகிறது, வழக்கறிஞர் பெறுகிறார், மருந்து விற்போர் பெறுகின்றனர். பத்து மாதம் உடலால் உழைப்பவள் ஒருத்தி மட்டும் அன்பின் பெயரால் வெறுங்கையோடு வீடு செல்ல வேண்டும். அவள் இழக்கும் நாட்கூலிக்கு ஈடு என்று சட்டம் பெயர் சொல்லி எதையும் குறிக்கவில்லை. இதைப் பாராளுமன்றமே முன்னரும் கேட்டதுண்டு. 2017இல் நிலைக்குழு தன் 102ஆம் அறிக்கையில், கைம்மாறு இன்றிச் சுமக்கச் சொல்வது சுரண்டலுக்கே இடம் தரும் எனக் கூறி, உரிய ஈட்டுத் தொகை தரும் முறையைப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை.

இத்தலைநகரில் 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டடங்கள் எழுந்தபோது, தொழிலாளருக்குச் சட்டம் குறித்த குறைந்த கூலி கிடைக்கவில்லை என்று வழக்கு வந்தது. குறைந்த கூலியும் தராமல் வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயிற்றுக்கு இல்லாதவன் குறைந்த கூலிக்கு இசைந்தான் என்பதால் அது விடுதலை ஆகிவிடாது என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. மகப்பேறு கட்டட வேலை அன்று. உவமையை எல்லை கடந்து நீட்டக் கூடாது. ஆயினும் வறுமை ஒருத்தியின் இசைவைக் கெடுக்கும் என்றால், குடும்பத்தின் அழுத்தமும் கெடுக்கும் அன்றோ? மூத்தவளுக்குக் குழந்தை இல்லை, இளையவளே நீ சுமந்து கொடு என்று மாமியாரும் கணவனும் கூடிச் சொன்னால், எத்தனை மருமகள்கள் மறுத்துப் பேச இயலும்? கொடை என்று ஏட்டில் எழுதப்படுவது, அடுப்பங்கரையில் ஆணையாகவே வழங்கப்பட்டிருக்கலாம்.

பணத்தைத் தடுத்த அளவில் சந்தை மறைந்துவிடுவதும் இல்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2022இல், நம் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் சினைமுட்டைகள் பலமுறை விற்கப்பட்டன என்ற செய்தி வெளியாயிற்று. வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார் அட்டை செய்யப்பட்டது என்றும், விற்றவர்களுள் பெற்ற தாயும் ஒருத்தி என்றும் குற்றச்சாட்டு எழுந்தது. கைதுகள் நடந்தன, மாநில அரசாங்கம் விசாரித்து மருத்துவமனைகள் மேல் நடவடிக்கை எடுத்தது. முட்டைக் கொடை தருபவள் 23 வயதுக்குக் குறையாதவளாக இருத்தல் வேண்டும், வாழ்நாளில் ஒரு முறையே தரலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது சட்டம். ஏட்டில் உள்ள இவ்வரம்புகளை நடைமுறையில் காப்பவர் யார்? ஹார்மோன் ஊசி அளவு மீறினால் சூலகம் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், உயிருக்கும் இடர் நேரும். அச்சிறுமியிடம் இதை எவரேனும் எடுத்துச் சொல்லியிருப்பரா?

ஆகவே என் கருத்து இது. கூலியா, கொடையா என்னும் வாதத்திலேயே நாம் சட்டத்தை முடித்துவிட்டோம், சுமப்பவளை மறந்துவிட்டோம். தரகனை விலக்குவது சரி, அது தொடரட்டும். அதனோடு வேறு சிலவும் வேண்டும். இழந்த கூலிக்கும் பட்ட துன்பத்துக்கும் உரிய ஈட்டுத் தொகையை அரசாங்கமே வரையறுத்து, அரசாங்க வழியாகவே அவள் கையில் சேர்ப்பிக்க வேண்டும். வேண்டுவோர் அமர்த்தும் மருத்துவரும் வழக்கறிஞரும் போதா. அவள் பக்கம் நின்று, அவள் மொழியில் விளக்கிச் சொல்ல, வேறொருவர் வேண்டும். வீட்டார் இல்லாத தனியறையில் அவளைக் கேட்டு, மறுப்பாளாயின் மருத்துவக் காரணத்தால் பொருந்தாது என்று மட்டும் எழுதி, அவள் மறுப்பை மறைத்துக் காக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் சான்றிதழைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், அத்தொகை அவளுக்குப் பயன்பட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கும் ஒன்று எஞ்சியுள்ளது. தான் எவ்வாறு பிறந்தோம் என்று வளர்ந்தபின் அறிய அதற்கு உரிமை உண்டா? இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பின்னர்க் கொடை தந்தவர்களின் பெயரை, அவ்வாறு பிறந்தவர் 18 வயதில் கேட்டு அறியலாம். நம் சட்டம் கொடையாளர் பெயரை மறைவாகவே வைத்துள்ளது. கொடையாளர்க்கு அது காப்பு. பரம்பரை நோய் ஏதும் உண்டா எனக் கேட்கும் மகளுக்கு விடை யார் சொல்வது?

நமக்கும் இதில் பங்கு

இவையெல்லாம் மணமானோர் கவலை, நமக்கு என்ன என்று தேர்வுக்குப் படிக்கச் செல்ல வேண்டா. விந்தணுக் கொடைக்குச் சட்டம் குறித்த வயது 21 முதல் 55. முட்டைக் கொடைக்கு 23 முதல் 35. இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் முதுகலை மாணவரும் ஆராய்ச்சி மாணவியும் அவ்வெல்லைக்குள்ளேயே இருக்கின்றனர். ஊர் விட்டு வந்து, கைச்செலவுக்குப் பணம் போதாமல் இருக்கும் இளைஞரிடம், எளிதில் தொகை கிடைக்கும் என்று எவரேனும் வந்து சொன்னால், கேட்க வேண்டிய கேள்விகளை அறிந்திருத்தல் வேண்டும். நிலையம் பதிவு பெற்றதா? இன்ஷூரன்ஸ் உண்டா? தாளில் உள்ளது யாது? இவை மூன்றும் கேளாமல் கையெழுத்து இடாதிருப்பதே அறிவு.

நம்முள் சிலர் நாளை மருத்துவர் ஆவர். சிலர் வழக்கறிஞர் ஆவர். ஒருவர் அந்த மாஜிஸ்திரேட்டின் நாற்காலியிலும் அமரலாம். பலர் மணம் புரிந்து, அவருள் சிலர் குழந்தைக்காகக் காத்திருக்கவும் நேரலாம். அப்போது உறவினர் கூடிய கூடத்தில் குறை யாரிடம் என்ற பேச்சு எழுமாயின், ஆண் மகனும் சோதனைக்கு வர வேண்டும் என்று முதலில் சொல்பவர் நம்மவராக இருக்கட்டும்.

அகப்பாட்டில் நற்றாய்க்குக் கூற்று உண்டு. செவிலிக்கும் கூற்று உண்டு. இன்று புதிதாக வந்திருக்கும் சுமக்கும் தாய்க்கு, மாஜிஸ்திரேட்டின் ஆணைத்தாளில் ஒரு கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. அவள் சொல்லுக்கு இடம் இல்லை. சட்டத்தை அடுத்து ஒரு முறை திருத்தும்போது அவள் சொல்லையும் கேட்டு எழுதுவார்களாக. அதுவரை, நம் சங்கத்தின் அடுத்த சொற்போருக்கு இதனையே பொருளாகக் கொள்ளுமாறு நண்பர்களை வேண்டுகிறேன். இரு பக்கமும் பேச ஆள் கிடைக்கும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.